பச்சையும் சிவப்பும்: பிள்ளை தன் விடையைத் தானே திருத்திய கதை

 

போன தவணையிலிருந்து எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் போன்களில் ஓர் எக்செல் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. வினாவுக்கு எதிரே விடையைத் தட்டினால் பக்கத்துக் கலம் பச்சையாகும், இல்லாவிட்டால் சிவப்பாகும். இதைப் பற்றிப் பெற்றோர் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, "இதை எப்படிச் செய்தீர்கள்?" மற்றது சற்றுக் கோபத்தோடு வருகிறது: "பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்று ஏன் எங்களுக்கு அனுப்புவதில்லை?"

முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள், அதனால் பதிவு நீண்டுவிட்டது. ஒரு பிளேன் டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிள்ளையின் பிழையைப் பிள்ளைக்கே உடனே காட்டும் வழி நம்மிடம் முன்பே இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லி மனனம் செய்தார்கள். அந்தச் சுவடிகளில் ஒரு வாய்ப்பாடு முடிந்ததும் அதிலுள்ள பெருக்குத்தொகைகளின் மொத்தமும் கொடுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு வரி தவறினால் கடைசி மொத்தம் ஒத்துவராது. வாத்தியார் பிரம்பை எடுக்குமுன்னரே பிள்ளை தன் பிழையைத் தேடிப் பிடிக்கலாம்.

வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர் என்ற நிலையில் சட்டாம்பிள்ளை வந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளையின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவது அந்த முறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய அன்றூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தன் விடுதியிலும் அதைக் கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பரவியது.

நம் ஓதல் பள்ளிகளிலும் இதே வழக்கம்தான். ஹஸரத்திடம் ஒப்புவிக்குமுன் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே இருந்து ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுவார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அங்கே புள்ளி இல்லை, பதிவேடும் இல்லை. பிழை திருந்தியதும் அதோடு அது மறக்கப்படும். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

எழுத்துப் பரீட்சை வந்தபோது நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவில் திருத்த வேண்டியிருந்தது. திருத்துவதை யார் பார்க்கிறார்கள் என்பதும் மாறியது. பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். திருத்தம் வேறோர் அறையில் நடக்கும், முடிவு மாதங்கள் கழித்து வரும். நமது சாதாரண தர வரலாறு முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள். எந்த வினாவில், ஏன் பிழைத்தோம் என்று பரீட்சை எழுதிய பிள்ளைக்கு ஒருபோதும் தெரியவராது. தவணைப் பரீட்சையிலும் நாங்கள் துளையிட்ட அட்டையை விடைத்தாளின் மேல் வைத்து, துளைக்குள் தெரியும் புள்ளடிகளை எண்ணுகிறோம். ஒரு தாளுக்கு அரை நிமிடம். எங்களுக்கு வேலை சுலபமாகிறது, பிள்ளைக்கோ ஒரு எண் மட்டுமே மிஞ்சுகிறது.

இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க அமெரிக்காவில் முயன்றபோது இரண்டு வழிகள் பிரிந்தன. 1920களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சிட்னி பிரெஸி தட்டச்சுப் பொறி அளவில் ஒரு பெட்டி செய்தார். அதில் வினா ஒன்றும் நான்கு விசைகளும் இருந்தன. ஒரு நெம்பைத் தூக்கிவிட்டால், சரியான விசையை அழுத்தும் வரை பெட்டி அடுத்த வினாவுக்குப் போகாது. பிழைத்த பிள்ளை அங்கேயே நின்று மறுபடி யோசிக்க வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அதை வாங்க ஆளில்லாமல் போய், பிரெஸி அந்த வேலையைக் கைவிட்டார்.

அதே 1930களில் மிச்சிகனைச் சேர்ந்த ரெனோல்ட் ஜோன்சன் என்ற உயர்தரப் பள்ளி ஆசிரியர், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பயன்படுத்தி விடைத்தாளை எண்ணும் கருவியொன்றைக் கண்டுபிடித்தார். ஐபிஎம் கம்பனி அவரை வேலைக்கு எடுத்து அந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கருவி வென்றது. பரீட்சை நடத்தும் அலுவலகத்துக்கு அது தேவைப்பட்டது, அலுவலகத்திடம் பணமும் இருந்தது. பிரெஸியின் பெட்டி பிள்ளைக்குத்தான் தேவைப்பட்டது, பிள்ளையிடம் பணம் இல்லை.

1953 நவம்பரில் ஹார்வர்ட் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். தம் விடை சரியா என்று அவர்களுக்கு அப்போது தெரியவில்லை. முடித்தவர்கள் சும்மா இருந்தார்கள், முடியாதவர்கள் தவித்தார்கள். ஆசிரியை மேல் குற்றமில்லை, ஒருவர் எத்தனை பேருக்கு ஓடுவார்? அந்தப் பார்வையிலிருந்து ஸ்கின்னரின் கற்பிக்கும் இயந்திரம் பிறந்தது. அதுவும் பெருமளவில் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் கையில் இப்போது இருக்கும் கருவி இவர்கள் யாரிடமிருந்தும் வரவில்லை. விரிதாள் வணிகக் கணக்குக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அதன் எண்ணம் ஒரு வகுப்பறையில்தான் தோன்றியது. 1978இல் டான் பிரிக்லின் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் நிரை நிரலாகக் கணக்குப் போடுவார். ஓர் இடத்தில் பிழை தெரிந்தால் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து மறுபடி எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் பலகை இருந்தால் என்ன என்று அந்த மாணவன் யோசித்தார். பொப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் விசிகல்க் என்ற மென்பொருளை வெளியிட்டார். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது, 1985இல் எக்செல்.

அந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகத்தெருவிலும் ஐந்துசந்தியிலும் இருந்தவர்கள் கையில் கிடைத்ததோடு நடந்தார்கள். எங்களில் சிலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வகுப்பில் இருந்து படித்தவர்கள். கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்று பத்துப் பேரிடம் கைமாறி வரும். விடைகள் அச்சிட்ட கடைசிப் பக்கங்கள் மட்டும் அதில் இருக்காது, யாரோ கிழித்து எடுத்திருப்பார்கள். வினாவுக்கெல்லாம் விடை எழுதினோம். எழுதியது சரியா என்று தெரியாமலே பரீட்சை மண்டபத்துக்குப் போனோம்.

இங்கேயே இருந்த பிள்ளைகளுக்கும் அது சுகமான காலமல்ல. 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கின் கீழ் ஒரு தலைமுறை உயர்தரம் படித்தது. இன்று எங்களோடு ஆசிரியர் அறையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் அந்த விளக்கின் கதையைச் சொல்வார்கள், நாங்கள் கொட்டிலின் கதையைச் சொல்வோம். உலகம் விரிதாளில் கணக்குப் பார்த்த பத்தாண்டுகளில் எங்கள் இரு பக்கத்துப் பிள்ளைகளும் விடை தெரியாத வினாத்தாள்களோடு இருந்தார்கள்.

இனி எங்கள் கோப்பு எப்படி வந்தது என்று சொல்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பில் வினாத்தாளைப் படம் பிடித்து அனுப்பினோம், பிள்ளைகள் விடையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இரவு 12 மணி வரை போன் திரையில் பென்சில் எழுத்தை வாசித்துக் கண் வலித்தது. கூகுள் ஃபோர்ம்ஸும் பார்த்தோம். நல்ல கருவிதான், ஆனால் நிரப்பி அனுப்பும் நேரத்தில் டேட்டா வேண்டும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். மாத இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. கடதாசியும் இல்லை, கரண்டும் இல்லை. அப்போதுதான் சாதாரண எக்செல் கோப்பு நினைவுக்கு வந்தது. ஒரு தடவை போனில் இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமல் எத்தனை தரமும் செய்யலாம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் ஒரு பின்னேரம் இருந்து காட்டித் தந்தார்.

செய்முறை இதுதான். ஏ நிரலில் வினா. பி நிரல் பிள்ளை விடை தட்டுவதற்கு. இன்னொரு தாளில் சரியான விடைகளை அதே ஒழுங்கில் எழுதி அந்தத் தாளை மறைத்துவிடுங்கள். சி நிரலில் இஃப் என்ற சார்பைக் கொண்டு சூத்திரம் எழுத வேண்டும். பி கலம் வெறுமையாக இருந்தால் ஒன்றும் காட்டாதே, மறைத்த தாளின் விடையோடு ஒத்தால் "சரி" என்று காட்டு, ஒவ்வாவிட்டால் "பிழை" என்று காட்டு. பிறகு கண்டிஷனல் ஃபோர்மட்டிங் மூலம் "சரி"க்குப் பச்சையும் "பிழை"க்குச் சிவப்பும் கொடுத்தால் முடிந்தது. ஒரு நிரைக்கு எழுதிய சூத்திரத்தைக் கீழே இழுத்தால் 40 வினாக்களுக்கும் வந்துவிடும்.

மறைத்த தாளை இரண்டாம் நாளே ஒரு மகன் கண்டுபிடித்துவிட்டான். நாங்கள் திட்டவில்லை. கடந்தகால வினாத்தாள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்காதவர் நம்மில் யார்? புள்ளி போடாத இடத்தில் களவெடுக்கவும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் நாங்கள் தலைகுனிந்தோம். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, இடைநிலை வகுப்பில் இங்கே வந்து சேர்ந்த ஒரு மகள். பின்வரிசையில் இருப்பாள், கை உயர்த்த மாட்டாள். அங்கே ஒரு பாடசாலை, இங்கே ஒரு பாடசாலை என்று மாறியதில் தனக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் கோப்பு உதவும் என்று நம்பினோம், யாரும் பார்க்காமல் பிழைக்கலாம் அல்லவா? ஒரு நாள் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தோம். வினா: கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னன் யார்? அவளுடைய விடை: இராஜாதி ராஜசிங்கன். கலம் சிவப்பு.

"வகுப்பில் சரியாகச் சொன்னாயே மகள், இங்கே ஏன் மாற்றி எழுதினாய்?"

"சேர், முதல்ல ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் எண்டுதான் எழுதினன். மூணு தரம் எழுதினன். சிவப்புத்தான் வந்திச்சு. அதுதான் அவருக்கு முந்தின ராசாவ எழுதிப் பாத்தன்."

அவளைத் திரும்ப எழுதச் சொன்னோம். எழுத்துக்கு எழுத்து சரி. கலம் மறுபடி சிவப்பு. எங்களுக்கு வியர்த்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 1991இல் தமிழ் யூனிகோடில் வந்தபோது "ஸ" எழுத்தில் தொடங்கி அதை எழுதினார்கள். 2005இல் "ஶ" என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பின் அதில் தொடங்கியும் எழுதலாம் என்றானது. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். நாங்கள் விடையைத் தட்டிய கணினி ஒரு விதமாகவும் அவளுடைய போன் மற்ற விதமாகவும் எழுதியிருக்கின்றன. கண்ணுக்கு ஒன்று, சூத்திரத்துக்கு வேறு. நமது நாட்டின் பெயரை எழுதினாலும் இதே பிழை வரும்.

அதன்பின் மற்றக் கோப்புகளையும் தேடிப் பார்த்தோம். விடைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்ட பிள்ளைக்குச் சிவப்பு. "விக்ரம" என்று எழுதியவருக்குச் சிவப்பு, "ராஜசிங்கன்" என்று எழுதியவருக்கும் சிவப்பு. பழைய பாமினி எழுத்துருவில் இருந்த வினா வங்கியை அப்படியே ஒட்டிய ஒரு தாளில் எவர் என்ன எழுதினாலும் சிவப்பு. பாமினியில் திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. போனில் தட்டும் யூனிகோட் தமிழோடு அது ஒருநாளும் ஒத்துப்போகாது. இன்னொரு தாளில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஆண்டை 1619 என்பதற்குப் பதிலாக 1691 என்று நாங்களே மாற்றித் தட்டியிருந்தோம். சரியாக எழுதிய அத்தனை பிள்ளைகளுக்கும் சிவப்பு. ஒருவர்கூட எங்களிடம் வந்து சொல்லவில்லை.

வகுப்பில் சேர் பிழை சொன்னால் ஒரு துடிப்பான பிள்ளையாவது எழும்பி "இல்லை சேர், புத்தகத்தில் இப்படி இருக்கு" என்று சொல்லும். நிறம் சொன்னால் யாரும் வாதாடுவதில்லை. தன்மேல் நம்பிக்கை உள்ள பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும். நம்பிக்கை இல்லாத பிள்ளை தான் சரியாகப் படித்ததையே அழித்துவிட்டுப் பிழையைப் படிக்கும். நாங்கள் அந்த மகளுக்குச் செய்தது அதுதான்.

ஆகவே கோப்பைத் திருத்தினோம். பெயர் விடைகளுக்குத் தட்டச்சை நிறுத்திவிட்டு டேட்டா வலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைத்தோம். தட்ட வேண்டிய இடங்களில் ட்ரிம் சார்பைச் சேர்த்தோம், அது முன்பின் இடைவெளிகளை நீக்கும். ஒரு விடையைப் பலவிதமாக எழுதலாம் என்றால் அத்தனையையும் மறைத்த தாளில் எழுதி, கவுண்ட்இஃப் சார்பால் அவற்றில் ஒன்றோடாவது ஒத்தால் போதும் என்று வைத்தோம். "பிழை" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மீண்டும் பார்" என்று போட்டோம். பழைய பாமினித் தாள்களை யூனிகோடுக்கு மாற்றினோம். விடைத்தாளை ஒருவர் தட்ட, மற்றவர் பிள்ளையைப் போல் ஒரு போனில் செய்து பார்த்த பிறகே இப்போது அனுப்புகிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டி நிரல். அதன் தலைப்பு: "நான் எழுதியது சரி என்றே நினைக்கிறேன்." கலம் சிவப்பானாலும் தன் விடையில் பிள்ளைக்கு நம்பிக்கை இருந்தால் அங்கே ஒரு புள்ளடி போட்டு எங்களிடம் கொண்டுவரலாம். பொதுப் பரீட்சையில் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறோம் அல்லவா, அதுபோல. முதலில் யாரும் போடவில்லை. 1619 கதையை வகுப்பில் சொல்லி, பிழை எங்களுடையது என்று ஒத்துக்கொண்ட பிறகு போடத் தொடங்கினார்கள். வந்த மறுப்புகளில் சில எங்கள் பிழைகளாகவே இருந்தன. சில, பிள்ளை ஏன் அப்படி விளங்கிக்கொண்டது என்பதைக் காட்டின. ஒரு துளையிட்ட அட்டையும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. புத்தளத்து மகள் போன கிழமை இரண்டு மறுப்புகளோடு வந்தாள். ஒன்றில் அவள் சரி, ஒன்றில் பிழை. பிழைத்ததை நின்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது பெற்றோரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். புள்ளியை ஏன் அனுப்புவதில்லை?

கோப்பின் அடியில் மொத்தப் புள்ளியைக் காட்ட ஒரு சூத்திரம் போதும். அதைப் பெற்றோர் குழுவில் போட இன்னும் ஒரு நிமிடம். போட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 36, நம் பிள்ளைக்கு 19. அடுத்த நாள் நம் பிள்ளையும் 36 எடுத்துவிடும், மறைத்த தாளைத் திறந்து. அதன்பின் சிவப்புக் கலம் பயமாகிவிடும், டி நிரலில் யாரும் புள்ளடி போட மாட்டார்கள். புள்ளி காட்டுவதற்குத் தவணைப் பரீட்சை இருக்கிறது, அதை ஒழுங்காக அனுப்புகிறோம். இந்தக் கோப்பு, ஹஸரத்திடம் போகுமுன் எதிரே இருந்து ஓதிக் காட்டும் தோழனின் இடத்தில் இருக்கிறது. அங்கே தவறியதை யாரும் வீட்டுக்கு அறிவிப்பதில்லை.

பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். "எத்தனை புள்ளி?" என்று கேட்காமல், "எது சிவப்பாக வந்தது, அது ஏன் என்று விளங்கியதா?" என்று கேளுங்கள். சில வேளை பிள்ளை சொல்லும், "வாப்பா, அது சேருடைய பிழை" என்று. அப்போது பிள்ளையை அதட்டாதீர்கள். எங்களிடம் அனுப்புங்கள்.

கோப்பு வேண்டிய ஆசிரியர்கள் எந்தப் பாடசாலையாக இருந்தாலும் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம். உங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். டி நிரலை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிழை கண்டால் எங்களுக்கும் சொல்லுங்கள்.